மாதிரித் துணி, ஒரு முழம்

விமலேஸ்,
சுன்னாகம் சந்தைக்குப் பின்னால
போட்டோக்கொப்பிக் கடையில இருந்து எழுதுறன்.
பிரவீணா எண்ட பிள்ளை ரைப் பண்ணுது.
நான் சொல்லச் சொல்ல
அது நல்ல தமிழாக்கிப் போடுது,
நான் திரும்பவும் என்ர தமிழுக்கு இறக்கிறன்.
பக்கத்துக்கு எண்பது ரூபா. ஆனபடியால் சுருக்கமா.

நீ அனுப்பின படிவத்தில
ஏழாம் கேள்வி: தகைமைச் சான்றிதழ்.
அந்தப் பெட்டி என்ர பெருவிரல் நகமளவு.
என்னத்தை எழுத?
சங்கத்துத் தறியில இருபத்திரண்டு வருசம்.
அறுபதாம் நம்பர் நூலையும் எண்பதாம் நம்பர் நூலையும்
கரண்ட் போன இரவிலயும்
விரலிடுக்கில உருட்டிப் பிரிச்சுச் சொல்லுவன்.
ஊடை ஒண்டு தவறினால்
மற்றவைக்குக் கண் சொல்லும், எனக்குக் கால் சொல்லும்:
மிதி அந்த இடத்தில கொஞ்சம் லேசாகும்.
பிரவீணா கேக்குது,
"அண்ணை, இதை எந்தத் திணைக்களம் உறுதிப்படுத்தும்?"

பஸ் ஸ்ராண்ட் மாடியில ஒரு ஏஜென்சிக்காரனிட்டையும் போனனான்.
பதினெட்டு லட்சம் கேட்டான், அதோட ஒரு கதையும் கேட்டான்.
"முதுகில தழும்பு இருக்கோ?"
இருக்கு.
"அப்ப வேலை சுகம்."
ஷேட்டைக் கழட்டாமலே எழும்பி வந்திட்டன்.
முதுகைக் காட்டி உள்ளுக்குப் போனால்
பிறகு ஆயுளுக்கும் முதுகைத்தான் பாப்பினம்.
நான் காட்டவேண்டியது கை.

சுதாயினிக்கு இதில உடன்பாடில்லை.
"கை மட்டும்தான் உங்கடையோ? முதுகு ஆற்றை?" எண்டாள்.
சண்டை இல்லை. முட்டை பொரிச்சுக்கொண்டு கேட்டவள்.
அதுக்கு இன்னும் மறுமொழி வரேல்ல எனக்கு.

இஞ்ச வேலை இல்லாமல் இல்லை. இதை வடிவா எழுது பிள்ளை.
தீபாவளிக்கு முன்னூறு சேலை ஓடர் கிடக்கு.
ஒரு சேலைக்கு எனக்கு வாறது
அதைக் கட்டுறவ பிளவுசுக்குக் குடுக்கிற தையல்கூலி.
அது ஒரு காரணம். மற்றது,
உன்ர மகள் ஒருக்கா வீடியோ அனுப்பினவள்,
பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போன ஆலை எண்டு.
ஆறாயிரம் இழை,
ஒவ்வொண்டும் தன்ர பாட்டில எழும்பி இருக்குது.
பக்கத்தில ஒருத்தன் கோப்பி குடிச்சுக்கொண்டு நிக்கிறான்.
எத்தினை தரம் பாத்தன் எண்டு
என்ர ரீலோட் காசுக்குத் தெரியும்.
வயசு நாற்பத்து மூண்டு.
அந்த மிசினைத் தொடாமல்
எனக்கு நாற்பத்து நாலு வரக்கூடாது.

இனி, சொல்லவேண்டாம் எண்டு நினைச்ச விசயம்.
மூண்டு வருசத்துக்கு முந்தி
சான்றிதழுக்குப் பதிலா ஒரு முழம் நெய்து
கொட்டடி அக்காவிட்டக் குடுத்துவிட்டனான்.
நீலப் பாவு, குங்கும ஊடை.
சரிச்சுப் பிடிச்சால் வேற நிறம்.
நாலு பக்கமும் கரை;
தொழில் தெரிஞ்சவனுக்கு அது காணும்.
ஆருக்கோ காட்டுறன் எண்டனீ.
போன ஞாயிறு வீடியோக் கோலில
உன்ர மனிசி சோறு போடேக்க கண்டன்,
றைஸ் குக்கருக்குக் கீழ.

கோவமில்லை எண்டு எழுதினால் பொய்.
பிரவீணா, "கொஞ்சம் கோவம்" எண்டு போடு.
ஆனால் விமலேஸ், போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தன்.
மூண்டு வருசச் சூடு, ஆவி, கஞ்சித்தண்ணி.
நீலம் சிவப்புக்குள்ள இறங்கேல்ல.
கரை சுருளேல்ல.
ஒரு இழை இடம் மாறேல்ல.

ஆனபடியால் நான் கேக்கிற உதவி இதுதான்.
ரிக்கட் காசு பிறகு பாப்பம்,
மாதம் மாதம் கழிப்பன், கொப்பியில எழுதிவை.
முதல்ல அந்தத் துணியை எடுத்து, தோய்க்காமல்,
பக்கத்தில ஒரு நாணயம் வைச்சு
யன்னல் வெளிச்சத்தில போட்டோ எடு.
முன்பக்கம் ஒண்டு, பின்பக்கம் ஒண்டு.
அந்த ஆலைக்காரருக்கு அனுப்பு.
பருப்புக் கறை ஒண்டு இருக்கும், மறைக்காத.
ஏழாம் கேள்விக்கு நேர
"இணைப்பைப் பார்க்க" எண்டு எழுதியிருக்கிறன்.

பக்கம் முடியப்போகுது.
குக்கருக்குக் கீழ வைக்க
மனிசிக்கு வேற ஒண்டு நெய்து அனுப்புறன்.
அதுக்கு இவ்வளவு மினக்கெடமாட்டன்.